நாள எண்ணுங்க, அப்புறம் சண்டைக்குப் போலாம்

வேலை எடத்து வில்லங்கம்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த லெட்டருங்கள்ல பாதிக்கு மேல ஒரே பாட்டுதான், "என்னய மட்டும் ஏன் பர்மனென்ட் பண்ணல". அதனால இந்தத் தடவ ஒரு கேள்விக்கு நீளமா பதில் சொல்லிட்டு இன்னும் ரெண்டுக்கு சுருக்கமா சொல்லிடறேன். பி.எஃப் பணம் வரலன்னு எழுதுனவங்க கோச்சுக்காதீங்க, உங்களுக்கு அடுத்த மாசம்.

கேள்வி: அக்கா வணக்கம். பேரு ஊரு போடாதீங்க, காஞ்சிபுரம் மாவட்டம்னு மட்டும் போட்டா போதும். எனக்கு 29 வயசு, டிப்ளமோ இசிஇ படிச்சிருக்கேன். ஒரகடம் பக்கம் காருக்கு ஒயரிங் செய்யற ஒரு கம்பெனில வேலை. 2021 மார்ச்ல ட்ரெய்னியா சேர்ந்தேன், ஒரு வருஷம் கழிச்சு கான்ட்ராக்ட்ல போட்டாங்க, அதுல இருந்து இன்னிக்கு வரைக்கும் கான்ட்ராக்ட்தான். நடுவுல ஏஜென்சி பேரு மாறுச்சு, ஐடி கார்டு கயிறு கலர் மாறுச்சு, நான் நிக்கிற எடம் மட்டும் மாறல. கிரிம்பிங், டேப்பிங், டெஸ்டிங் எல்லாம் பண்ணுவேன், லைன்ல ஆள் வரலன்னா என்னயத்தான் கூப்பிடுவாங்க. இந்த ஜனவரில எங்க லைன்ல இருந்து 11 பேர கம்பெனி ரோலுக்கு எடுத்தாங்க. அதுல 3 பேருக்கு நான்தான் வேலை கத்துக்கொடுத்தேன். 8 பேர் பசங்க, 3 பேர் பொண்ணுங்க, அந்த மூணு பேருக்கும் கல்யாணம் ஆகல. எனக்கு 2024ல ஆச்சு. இன்டர்வியூல எச்ஆர் மேடம் கேட்ட மொத கேள்வியே "வீட்டுக்காரர் என்ன பண்றாரு, எப்போ விசேஷம்?" சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க, நானும் சிரிச்சுக்கிட்டே இப்போதைக்கு இல்ல மேடம்னு சொன்னேன், வெளிய வந்தப்புறம்தான் நான் ஏன் சிரிச்சேன்னு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் ஆதார பாத்துட்டு "அட்ரஸ்ல காலனின்னு போட்டிருக்கே, ஊருக்கு எந்தப் பக்கம்?"னு கேட்டாங்க. அது எதுக்குக் கேக்கறாங்கன்னு எனக்குத் தெரியும். ரிசல்ட் கேட்டதுக்கு "அடுத்த தடவ பாக்கலாம்மா"ன்னு முடிச்சுட்டாங்க. எங்க வீட்டுக்காரரு உனக்கு எல்லாமே தப்பாத்தான் தெரியும், வர்ற சம்பளத்தையும் கெடுத்துக்காதன்னு சொல்றாரு. நிஜமாவே எனக்குத்தான் தப்பாத் தெரியுதா அக்கா?

பதில்: மொதல்ல அந்த சிரிப்பு விஷயம். மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கறவங்க கையில நம்ம சோறு இருக்கும்போது மூஞ்சி தானா சிரிச்சுரும்மா. நானும் சிரிச்சிருக்கேன், எங்க சீனியர் வக்கீலு முன்னாடி. அத நெனச்சு உங்கள நீங்களே குத்திக்காதீங்க.

தப்பாத் தெரியலம்மா. ஆனா ஒண்ணு கவனிங்க, உங்க லெட்டர்ல ரெண்டு கேள்வி ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு கெடக்கு. இத்தன வருஷம் வேலை செஞ்சும் என்ன ஏன் பர்மனென்ட் பண்ணலங்கறது ஒண்ணு. 11 பேர எடுத்தப்ப என்ன ஏன் கழிச்சுவிட்டாங்கங்கறது இன்னொண்ணு. உங்களுக்கு ராத்திரி தூக்கம் வராம பண்றது ரெண்டாவது. ஆனா கதவு தெறக்கறது மொதலாவதுலதான். ஏன்னா ரெண்டாவதுக்கு அந்த மேடம் மனசுல என்ன ஓடுச்சுன்னு நீங்க நிரூபிக்கணும், மொதலாவதுக்கு ஒரு காலண்டர் போதும்.

தமிழ்நாட்டுல 1981ல ஒரு சட்டம் போட்டாங்க, தொழில் நிறுவனங்கள்ல வேலை செய்யற தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கற சட்டம், பேரு கூட்ஸ் ரயில் மாதிரி நீளமா இருக்கும், உள்ள சரக்கு ஒரே வரிதான்: 24 மாசத்துக்குள்ள 480 நாள் தொடர்ந்து வேலை செஞ்ச தொழிலாளிய நிரந்தரம் ஆக்கியே தீரணும். ஆக்கலாம்னு இல்ல, ஆக்கணும். இன்டர்வியூ, மார்க்கு, விசேஷம் எப்போங்கற கேள்வி எதுவும் அந்தப் பிரிவுல கெடையாது. 50 பேராவது வேலை செய்யற எடமா இருக்கணும், சீசன் வேலையா இருக்கக் கூடாது, கட்டடம் கட்டற வேலை இதுல வராது, அவ்ளோதான். உங்க ஃபேக்டரில ஒரு ஷிஃப்ட் பஸ்ல ஏறுறவங்களே 50 பேர் இருப்பாங்க.

480ஐ 24ஆல வகுத்தா மாசத்துக்கு 20 நாள். நீங்க ஓவர்டைமும் சேத்து 26 நாள் போறவங்க. அது மட்டுமில்ல, சம்பளத்தோட கூடிய லீவு, வேலை இல்லன்னு கம்பெனியே லே-ஆஃப் விட்ட நாள், வேலைல அடிபட்டு வீட்டுல இருந்த நாள், பிரசவ லீவுல 12 வாரம் வரைக்கும், இதெல்லாமே கணக்குல சேரும். சம்பளம் குடுக்கற ஞாயித்துக்கிழமையும் பண்டிகை லீவும் வேலை செஞ்ச நாளாத்தான் எண்ணணும்னு 1985லயே சுப்ரீம் கோர்ட் ஒரு வெளிநாட்டு பேங்க் ஊழியர்கள் கேஸ்ல சொல்லிருக்கு, அது வேற சட்டத்துக்குக் கீழ வந்த கேஸ், ஆனா எண்ணற முறை கிட்டத்தட்ட அதேதான். பதினோரு மாசத்துக்கு ஒருக்கா மூணு நாள் "ப்ரேக்" குடுத்து திரும்ப எடுப்பாங்களே, அதுக்கெல்லாம் பயப்படாதீங்க, தொழிலாளி தப்பு இல்லாம வேலை நின்னு போனா சர்வீஸ் அறுந்து போச்சுன்னு அர்த்தம் இல்ல. அந்த மூணு நாளும் அடுப்படில உக்காந்து அழுதுட்டு இருந்தவங்கள எனக்குத் தெரியும், அதான் சொல்றேன்.

இதுல ரெண்டு முள்ளு இருக்கு, மறைக்க மாட்டேன். ஒண்ணு, உங்க மொத வருஷம். ட்ரெய்னின்னு சொன்னது அப்ரன்டிஸ் சட்டத்துல முறையா பதிவு பண்ண ஒப்பந்தமா இருந்தா அந்த ஒரு வருஷத்த மறந்துருங்க, அப்ரன்டிஸ் சட்டப்படி தொழிலாளி கெடையாது. சும்மா பேருக்கு ட்ரெய்னின்னு எழுதிட்டு உற்பத்தில நிக்க வெச்சிருந்தா அது வேற கதை. உங்களுக்கு அந்த வருஷம் தேவையே இல்ல, 2022ல இருந்து எண்ணுனாலும் 480 ரெண்டு தடவ நெறஞ்சு வழியும்.

ரெண்டாவது முள்ளுதான் பெரிசு. "இவங்க எங்க ஆளே இல்ல சார், ஏஜென்சி ஆளு"ன்னு கம்பெனி சொல்லும். கண்டிப்பா சொல்லும். 2001ல ஒரு ஸ்டீல் கம்பெனி கேஸ்ல சுப்ரீம் கோர்ட், கான்ட்ராக்ட் முறைய தடை பண்ணிட்டாலே அந்த ஆளுங்க எல்லாம் தானா கம்பெனி ஆளா ஆயிட மாட்டாங்கன்னு சொல்லிருச்சு. அதே தீர்ப்புலயே இன்னொண்ணும் இருக்கு, கான்ட்ராக்ட்டுங்கறது கண் தொடைப்புக்குப் போட்ட காகிதம்னா அத ஓரமா வெச்சுட்டு நெஜ முதலாளி யாருன்னு பாக்கலாம். அப்ப கேள்வி இதுதான். உங்களுக்கு வேலை சொல்றது யாரு? லீவு குடுக்கறது யாரு? லேட்டா வந்தா திட்டறது யாரு? மெஷினு, போர்டு, யூனிஃபார்ம் யாரோடது? ஏஜென்சி ஆளு மாசத்துக்கு ஒரு தடவ பேஸ்லிப் குடுக்க வர்றதத் தவிர லைன் பக்கம் எட்டிப் பாத்திருக்காரா? அதுவும் ஏஜென்சி பேரே மாறி நீங்க அதே எடத்துல நின்னிருக்கீங்கன்னா, எனக்கு அத விட நல்ல சாட்சி வேணாம். முதலாளின்னு சொல்லிக்கிட்டவரு போயிட்டாரு, தொழிலாளி அங்கயே நிக்கறாங்க, அப்ப யாரு முதலாளி?

சரி, என்ன சேத்து வெக்கணும். பி.எஃப் பாஸ்புக்க உங்க பி.எஃப் கணக்கு நம்பர் (யூஏஎன்) போட்டு டவுன்லோட் பண்ணி பிரின்ட் எடுங்க, மாசா மாசம் எந்த நிறுவனம் பேர்ல பணம் கட்டிருக்காங்கன்னு அதுல வரும், ஏஜென்சி மாறுன மாசமும் அதுலயே மாட்டும். ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) கட்டுன வரலாறும் அதே மாதிரி. பேஸ்லிப்பு, பழைய ஐடி கார்டு (கயிறு கலர் மாறுனதையும் சேத்துதான்), ட்ரெய்னிங் குடுத்த சர்ட்டிஃபிகேட், நீங்க யாருக்கு கத்துக்கொடுத்தீங்கன்னு கையெழுத்துப் போட்ட ஷீட்டு. உங்க சூப்பர்வைசர் வாட்ஸ்அப் க்ரூப்ல "நாளைக்கு சி ஷிஃப்ட் வந்துரு"ன்னு போடறாரே, அத எக்ஸ்போர்ட் பண்ணி மெயில்ல போட்டு வைங்க, உங்களுக்கு வேலை சொல்றது கம்பெனி ஆளுதான்னு அதுலயே இருக்கு. லைன்ல ஸ்கில் மேட்ரிக்ஸ் போர்டு மாட்டிருப்பாங்களே, பேருக்கு நேரா வட்டம் போட்டு கால்வாசி அரைவாசி கறுப்படிச்சு வெச்சிருப்பாங்களே, அதுல உங்க வட்டம் முழுசா கறுப்பா இருந்து, பர்மனென்ட் ஆன பையன் வட்டம் பாதி காலியா இருந்தா அது ரொம்பப் பெரிய விஷயம், ரெண்டாவது கேள்விக்கு வரும்போது சொல்றேன். ஆனா அத ஃபோட்டோ எடுக்காதீங்க! உள்ள மொபைல் கொண்டு போறதே தப்புன்னு ரூல் வெச்சிருப்பாங்க, நல்ல கேஸ் கையில இருக்கும்போது நம்மளே போய் அவங்க கையில ஒரு சார்ஜ் மெமோவ குடுக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து தேதி போட்டு நோட்ல எழுதி வைங்க, கேஸ் போகும்போது அந்த ரெக்கார்ட கொண்டு வரச் சொல்லிக் கேக்கலாம்.

எங்க போறது? ஃபேக்டரின்னா தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், பழைய ஆளுங்க இன்னும் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸ்னுதான் சொல்லுவாங்க. 1981 சட்டத்துக்கு அங்க இருக்கற ஆபீசர்தான் இன்ஸ்பெக்டர். கம்பெனி தன் தொழிலாளிங்க லிஸ்ட் ஒண்ணு வெச்சிருக்கணும், அதுல என் பேர் இல்ல, எனக்கு இத்தன நாள் சர்வீஸ் இருக்கு, நிரந்தரம் பண்ண உத்தரவு போடுங்கன்னு மனு எழுதுங்க. தமிழ்லயே எழுதலாம். வக்கீல் வெச்சுத்தான் ஆகணும்னு இல்ல (வக்கீலு நானே இத எழுதறேன் பாருங்க). வெக்கணும்னு தோணுனா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, கோர்ட் வளாகத்துலயே இருக்கும், 15100க்கும் ஃபோன் பண்ணலாம், பொம்பளைங்களுக்கும் எஸ்சி எஸ்டி மக்களுக்கும் வருமானம் எவ்ளோன்னு கேக்காமயே இலவசமா வக்கீல் குடுக்கணும்னு 1987 சட்டம் சொல்லுது.

"அக்கா இப்ப நாலு லேபர் கோடு வந்துருச்சே, பழைய சட்டமெல்லாம் போச்சுன்னு எச்ஆர்ல சொன்னாங்க"ன்னு ஒருத்தங்க போன மாசம் எழுதிருந்தாங்க, அதுக்கும் இங்கயே சொல்லிடறேன். பழைய தொழிலாளர் சட்டங்கள ஒண்ணா சேத்து மத்திய அரசு போட்ட புது சட்டங்கதான் இந்தக் கோடுங்க, 2025 நவம்பர் 21ல இருந்து அமலுக்கு வந்தது உண்மை. 1947 தொழில் தகராறு சட்டம், 1970 கான்ட்ராக்ட் லேபர் சட்டம், 1976 சம ஊதியச் சட்டம் எல்லாம் அதுக்குள்ள கரைஞ்சு போச்சு. ஆனா நம்ம 1981 சட்டம் மாநில சட்டம், ரத்து பண்ற லிஸ்ட்ல அது பேர் இல்ல. எச்ஆர்ல சொல்றதெல்லாம் சட்டம்னா நான் கருப்பு கோட்ட கழட்டி மாட்டிட்டு ஊருக்குப் போயிருவேன்.

இப்ப உங்க கோவத்துக்கு வர்றேன்.

கல்யாணம் ஆன பொண்ண எடுத்தா குழந்தை, லீவு, செலவுன்னு ஒரு கணக்கு போடறாங்க. நம்ம ஊர்ல இது புதுசே இல்ல, 2024 ஜூன்ல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் அசெம்பிள் பண்ற ஒரு பெரிய ஃபேக்டரில கல்யாணம் ஆன பொண்ணுங்கள எடுக்கறதில்லன்னு ராய்ட்டர்ஸ்ல செய்தி வந்து, மத்திய அரசு தமிழ்நாட்டுக்கிட்ட அறிக்கை கேட்டு, கம்பெனி நாங்க அப்படியெல்லாம் இல்லன்னு மறுத்து, எல்லாம் நடந்துச்சு. இதுல எனக்கு எரிச்சல் என்னன்னா, அந்தக் கணக்கே தப்பு. 21,000 ரூபாய்க்குள்ள சம்பளம் வாங்கி ஈஎஸ்ஐல இருக்கற பொண்ணுக்கு 26 வார பிரசவ காலப் பணத்த கம்பெனி குடுக்கறதில்ல, ஈஎஸ்ஐ குடுக்குது. கம்பெனியும் பொண்ணும் மாசா மாசம் ஏற்கனவே கட்டற காசுல இருந்துதான். அப்ப கம்பெனிக்கு என்ன நஷ்டம்? ஆறு மாசத்துக்கு வேற ஒரு ஆள பழக்கணும், அவ்ளோதான். பழக்கி விடறதும் இன்னொரு காண்ட்ராக்ட் பொண்ணுதான், உங்கள மாதிரி.

விசேஷம் எப்போன்னு கேக்கற பழக்கம் ஃபேக்டரி கேட்டோட நிக்கறதில்ல. முத்தம்மான்னு ஒரு அம்மா, குடகுக்காரங்க, நம்ம மெட்ராஸ் விமன்ஸ் கிறிஸ்டியன் காலேஜ்லயும் பிரசிடென்சிலயும் படிச்சவங்க. 1949ல இந்திய வெளியுறவுப் பணில சேர்ந்த மொத பொம்பள. சேரும்போதே கல்யாணம் பண்ணா ராஜினாமா பண்ணிருவேன்னு எழுதி வாங்கிட்டாங்க. அப்புறம் தூதர் வரைக்கும் ஆனாங்க, அப்படியும் உயர்ந்த கிரேடு ப்ரமோஷன் வந்தப்ப தகுதி பத்தலன்னு தள்ளிட்டாங்க. அந்தம்மா அழுதுட்டு உக்காரல, நேரா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாங்க. பொம்பள ஆபீசர் கல்யாணம் பண்ண அரசாங்கத்துக்கிட்ட அனுமதி வாங்கணும், குடும்பத்தால வேலை கெடும்னு தோணுனா ராஜினாமா பண்ணச் சொல்லலாம்னு அப்ப ரூலே இருந்துச்சு. நீதிபதி கிருஷ்ணய்யர் 1979ல அத வெச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு, குடும்ப பாரம் வேலைக்கு எடஞ்சல்னா ஆம்பளைக்கும் அதே எடஞ்சல்தானன்னு. வேடிக்கை என்னன்னா தீர்ப்பு வர்றதுக்குள்ள அரசாங்கமே அவங்களுக்கு ப்ரமோஷன் குடுத்துருச்சு! அதனால மனு தள்ளுபடி, ஆனா வந்த வேலை முடிஞ்சுது. கேள்வி கேட்டதும் காரணம் சொல்ல முடியாதவங்க சத்தமில்லாம சரி பண்ணிருவாங்க, இத நான் சின்னச் சின்ன கம்பெனிலயும் பாத்திருக்கேன்.

அதுக்கப்புறம் 1981ல ஏர் ஹோஸ்டஸ் மொத தடவ கர்ப்பமானா வேலைய விட்டுத் தூக்கற ரூல கோர்ட் அடிச்சுது. ராணுவத்துல நர்ஸா இருந்து, கல்யாணம் பண்ணதுக்காக 1988ல வெளிய அனுப்பப்பட்ட செலினா ஜானுக்கு 60 லட்சம் குடுங்கன்னு 2024 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. 36 வருஷம் ஆச்சு, அதையும் சேத்தே படிங்க. இதெல்லாம் அரசாங்க வேலை, அங்க அரசியல் சாசனம் நேரா வந்து நிக்கும். பிரைவேட்ல நமக்கு அந்த வசதி இல்ல. அங்க இருக்கறது, ஆணு பொண்ணுன்னு பேதம் பாத்து ஆள எடுக்கக் கூடாது, வேலை நிபந்தனைல பேதம் காட்டக் கூடாதுன்னு முன்னாடி சம ஊதியச் சட்டத்துல இருந்து இப்ப ஊதியக் கோடுல வந்திருக்கற பிரிவு. கல்யாணங்கற வார்த்தை அதுல இல்ல. ஆனா விசேஷம் எப்போங்கற கேள்விய அந்த 8 பசங்கள்ல ஒருத்தர்கிட்டயாவது கேட்டாங்களா? கேக்கலன்னா அது கல்யாணத்தப் பத்துன கேள்வி இல்ல, பொண்ணுங்கறதப் பத்துன கேள்வி.

இன்னொரு ஆயுதம் இருக்கு, ரொம்பப் பேருக்குத் தெரியாது. தொழில் தகராறு சட்டத்துல அஞ்சாவது அட்டவணைன்னு நியாயமில்லாத நடைமுறைங்க பட்டியல் ஒண்ணு இருந்துச்சு. அதுல 9வது, தகுதி பாக்காம ஒரு பகுதி தொழிலாளிங்களுக்கு மட்டும் சலுகை காட்டறது. 10வது, நிரந்தரத் தொழிலாளிக்குக் கெடைக்கறது கெடைக்காம இருக்கணும்னே ஒருத்தர வருஷக்கணக்கா தற்காலிகமாவே வெச்சிருக்கறது. பட்டியல் புது கோடுலயும் அப்படியே வந்திருக்கு, ரெண்டாவது அட்டவணையா. ரெண்டையும் ஒரு தடவ மெதுவா படிச்சுப் பாருங்க, உங்க லெட்டர பாத்து எழுதுன மாதிரி இருக்கும். ஸ்கில் மேட்ரிக்ஸ் போர்டு இங்கதான் வேலைக்கு ஆகும். தகுதி பாத்தோம்னு அவங்க சொன்னா, அவங்களே மாட்டி வெச்ச போர்டு அவங்களுக்கு எதிரா பேசும்.

அதனால வாய்ல கேக்காதீங்க, மெயில்ல கேளுங்க. ஜனவரி தேர்வுல என்னென்ன அளவுகோல் வெச்சீங்க, அதுல எனக்கு எது கொறஞ்சுது, அவ்ளோதான், ரெண்டு வரி, மரியாதையா. கல்யாணம், சாதி எதையும் அதுல எழுதாதீங்க. பதில் வந்தா அத வெச்சு மடக்கலாம், வரலன்னா கேட்டும் சொல்லலங்கறதே ஒரு சாட்சி.

காலனி விஷயம். நீங்க ஒரே வரில எழுதிட்டுத் தாண்டிப் போயிட்டீங்க, ஆனா லெட்டர்ல அந்த எடத்துல பேனா அழுந்திருக்கு. அரசு ஆவணங்கள்ல இருந்து அந்த வார்த்தைய எடுக்கப் போறோம்னு 2025 ஏப்ரல்ல முதலமைச்சர் ஸ்டாலின் சட்டசபைல சொன்னாரு, ஏன் சொல்ல வேண்டி வந்துச்சுன்னா இந்தக் கேள்விக்காகத்தான். வேலைக்கு எடுக்கறதுல பாகுபாடு கூடாதுங்கற சர்வதேச தொழிலாளர் அமைப்போட (ஐஎல்ஓ) ஒப்பந்தத்துல 1960லயே இந்தியா கையெழுத்துப் போட்டாச்சு. ஆனா பிரைவேட் கம்பெனி சாதி பாத்து ஆள் எடுத்தா நேரா புடிக்கற மாதிரி முழுசா ஒரு சட்டம் நம்மகிட்ட இல்ல, எனக்கு இதச் சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. இருக்கறது 1955 குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமைய காரணமா வெச்சு ஒருத்தர எந்த வேலைலயும் சேர விடாம தடுக்கறது குற்றம்னு அதுல 4வது பிரிவுல இருக்கு. ஆனா ஒரு அட்ரஸ் கேள்விய மட்டும் வெச்சு அத நிரூபிக்கறது மலைய கெல்லற வேலை. கேஸ்னு போனா இத மொத வரியா வெக்காதீங்க, ஆனா நோட்ல எழுதி வைங்க, அன்னிக்கு அந்த ரூம்ல யார் யார் இருந்தாங்கங்கறதோட. உங்க லைன்ல அதே கேள்விய வேற யார்கிட்ட கேட்டாங்கன்னு மெதுவா விசாரிங்க. மூணு பேரு அதே கேள்விக்கு பதில் சொல்லி மூணு பேருமே வெளிய நிக்கறாங்கன்னா அப்ப எனக்கு இன்னொரு லெட்டர் போடுங்க.

கடைசியா வீட்டுக்காரர். அவரு பயப்படறதுல தப்பில்ல, எனக்கும் அதே பயம்தான். கான்ட்ராக்ட் ஆள நிறுத்தறதுக்கு லெட்டர் கூட தேவையில்ல, ஏஜென்சி ஆளு ராத்திரி ஃபோன் பண்ணி நாளைலருந்து வேற சைட்டும்பான். அதனால தனியா போகாதீங்க. உங்கள மாதிரி 480 தாண்டுன கான்ட்ராக்ட் ஆளுங்க அந்த ஃபேக்டரில நூறு பேராவது இருப்பாங்க, பத்து பேரு சேந்து ஒரே நாள்ல மனு குடுத்தா பத்து பேரையும் வேற சைட்டுக்கு அனுப்ப முடியாது, லைன் நின்னுரும். பக்கத்துல இருக்கற யூனியன் ஆபீஸ்ல போய்ப் பேசுங்க. தகராறு சமரச ஆபீசர்கிட்ட போயாச்சுன்னா, அது நடக்கற காலத்துல தகராறு சம்பந்தமா உங்க வேலை நிலமைய மாத்தக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. அப்புறம் இன்னொரு உண்மை, இன்ஸ்பெக்டர் உங்களுக்கு சாதகமா உத்தரவு போட்டாலும் கம்பெனி ஹைகோர்ட்டுக்குப் போய் இழுக்கும், ரெண்டு மூணு வருஷம் சாதாரணமா ஓடும். அதுக்குள்ள குழந்தை வந்தா வரட்டும்மா, யாருக்காகவும் தள்ளிப் போடாதீங்க. ஈஎஸ்ஐ பிரசவப் பணத்துக்கு அதுக்கு முன்னாடி ரெண்டு காண்ட்ரிபியூஷன் காலத்துல (ஆறு மாசம் ஒரு காலம்) 70 நாள் கட்டிருந்தா போதும், காண்ட்ராக்டா பர்மனென்டான்னு அவங்க பாக்கறதில்ல.

கேள்வி: எங்க அம்மா ஒரு அரசு அலுவலகத்துல 14 வருஷமா "பகுதி நேர" துப்புரவுப் பணியாளர். காலைல 7 மணிக்குப் போனா மத்தியானம் 3 ஆகும், சில நாள் ஆபீசர் வீட்டு வேலையும். கூட சேந்த ரெண்டு பேர முழு நேரமாக்கிட்டாங்க, அம்மாவ கேட்டா பகுதி நேரத்துக்கு ரூல் இல்லங்கறாங்க. (விழுப்புரம் மாவட்டத்து மகன்)

பதில்: தம்பி, 7ல இருந்து 3னா எட்டு மணி நேரம். பகுதி எங்க இருக்குன்னு அவங்களத்தான் கேக்கணும்.

அரசு வேலைல மேல சொன்ன 480 கணக்கு சுலபமா செல்லாது. 2006ல கர்நாடகா கேஸ் ஒண்ணுல, உமாதேவி தீர்ப்பும்பாங்க, முறையான தேர்வு இல்லாம உள்ள வந்தவங்க நிரந்தரத்த உரிமையா கேக்க முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. அனுமதிச்ச பணியிடத்துல, கோர்ட் உத்தரவு எதோட தயவும் இல்லாம பத்து வருஷத்துக்கு மேல இருந்தவங்கள மட்டும் ஒரு தடவ பரிசீலிக்கச் சொன்னாங்க. அந்த ஒரு பேர வெச்சே இருபது வருஷமா எல்லா ஆபீஸ்லயும் வாசல மூடிட்டு இருக்காங்க. 2021ல இன்னொரு கேஸ்ல பகுதி நேர ஆளுங்களுக்கு நிரந்தரம் கேக்க உரிமை இல்லன்னும் வந்துச்சு. அம்மா ஆபீஸ்ல காட்டறது அதத்தான்.

ஆனா 2024 டிசம்பர் 20ல ஜக்கோ வழக்குன்னு ஒண்ணு வந்திருக்கு, அத நீங்க காட்டுங்க. ஃபரிதாபாத்ல மத்திய நீர் ஆணைய ஆபீஸ்ல கூட்டறது பெருக்கறது தோட்ட வேலைன்னு வருஷக்கணக்கா இருந்தவங்கள 2018ல ஒரே நாள்ல நிறுத்திட்டாங்க. சுப்ரீம் கோர்ட், தினமும் இருக்கற வேலைய தினமும் செஞ்சவங்களுக்கு பகுதி நேரம், தற்காலிகம்னு பேரு வெச்சு ஏமாத்தக் கூடாது, உமாதேவி தீர்ப்ப அவங்களுக்கு எதிரா கவசமா புடிக்கக் கூடாதுன்னு சொல்லி வேலைல எடுத்து நிரந்தரமாக்கச் சொல்லுச்சு. கூட சேந்த ரெண்டு பேருக்கு எந்த உத்தரவுல முழு நேரம் ஆச்சுன்னு தகவல் உரிமைச் சட்டத்துல மனு (ஆர்டிஐ) போடுங்க, பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுனா போதும். வருகைப் பதிவேடு நகலும் அதுலயே கேளுங்க. ஆபீசர் வீட்டு வேலைக்கு நாளைலருந்து அம்மா போக வேணாம்.

கேள்வி: எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிங்கள்ல எல்லாம் பொண்ணுங்களாவே எடுக்கறாங்க மேடம், நான் ஐடிஐ ஃபிட்டர், ரெண்டு தடவ என்னைய விட்டுட்டு பொண்ணுங்கள எடுத்தாங்க, எங்களுக்கு ஒரு சட்டம் இல்லையா? (ஓசூர் வாசகர்)

பதில்: இருக்கு தம்பி. பழைய 1976 சட்டம் வேலைக்கு எடுக்கறதுல பொண்ணுங்களுக்கு மட்டும்தான் பேசுச்சு, இப்ப ஊதியக் கோடுல பாலினம்னு பொதுவா போட்டிருக்காங்க, நீங்களும் கேக்கலாம். ஆனா ஃபிட்டர் வேலைக்கு அவங்கள எடுத்தாங்களா இல்ல அசெம்பிளி லைனுக்கா? அசெம்பிளிக்கு எடுத்திருந்தா நீங்க கேட்ட வேலை வேற, அவங்க பாக்கற வேலை வேற. அந்தப் பொண்ணுங்களும் நெறைய பேரு கான்ட்ராக்ட்டாத்தான் இருப்பாங்க, விசாரிச்சுப் பாருங்க, முடிஞ்சா அவங்களையும் கூட்டிக்கிட்டு யூனியன் ஆபீசுக்குப் போங்க.